முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த பாலே

மேடையில் அந்தப் பெண் இரண்டு கால்களின் கட்டைவிரல் நுனியில் நின்றுகொண்டிருந்தாள். ராமாயி அவள் கையில் ஒரு படி சாமை அரிசியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ராமாயிக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர். இடதுபக்கப் படியில் ஏறி, நடுவில் நின்று, வீடியோவைப் பார்த்துச் சிரித்து, வலதுபக்கப் படியில் இறங்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அதுதானே வழக்கம்.

ஆனால் அன்றைக்கு அங்கே கல்யாணம் இல்லை. நாங்கள் பார்க்கப் போயிருந்தது பாலே என்கிற மேல்நாட்டு ஆட்டம்.

எங்கள் மேல் மட்டும் தப்பில்லை. அந்தப் பெண் வெள்ளை உடுப்பில், தலையில் சின்னக் கிரீடத்தோடு இருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி ஒருவர். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கைகோத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பின்னால் போன முகூர்த்தத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் பூ வளைவை யாரும் கழற்றவில்லை. மண்டபத்து வீடியோக்காரர் பழக்க தோஷத்தில் பளீரென்று விளக்கைப் போட்டு, "வாங்க வாங்க, வரிசையா வாங்க" என்று கை காட்டினார்.

ராமாயி எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் நானும் எழுந்தேன். நாங்கள் எழுந்ததும் பாதி மண்டபம் எழுந்தது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்று ராமாயி மனதார வாழ்த்தினாள்.

அந்தப் பெண் சாமைப் பையை வாங்கிக்கொண்டு, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி, வீடியோவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். இன்றைக்கும் எங்கேயோ அந்த வீடியோ இருக்கும். யாராவது வைத்திருந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

ஆடி மாதத்து மண்டபம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு ராமாயியைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வெள்ளிமலையில் பால்வாடி டீச்சராக இருந்தேன். குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்டவள் ராமாயி. மலையிலேயே பிறந்தவள். இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டோம், சண்டையை மட்டும் விடவில்லை.

கண் பரிசோதனைக்காக இருவரும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தோம். பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்த நோட்டீஸ். பெங்களூரிலிருந்து ஒரு குழு வருகிறது, பாலேயும் நவீன நடனமும் கலந்து மூன்று ஆட்டங்கள். அனுமதி இலவசம், அனைவரும் வருக.

"இன்னா டீச்சரு அது, பாலே?"

"தெரியல. டான்ஸாம்."

"நம்மள உள்ள வுடுவாங்களா?"

"அனைவரும் வருகன்னு போட்டிருக்கு பாரு."

"போடறதுக்கு இன்னா" என்றாள் ராமாயி.

அவள் அப்படிச் சொன்னதால்தான் நான் போயே தீருவது என்று முடிவு செய்தேன். எனக்கு அந்தப் புத்தி உண்டு. வேண்டாம் என்று யாராவது சொன்னால் போதும், காலில் செருப்பை மாட்டிவிடுவேன்.

அடுத்த வாரம் காலை பஸ்ஸிலேயே இறங்கிவிட்டோம். மலைப்பாதை வளைவுகளில் எல்லாம் ராமாயி அந்தச் சாமைப் பையை மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு விசேசத்துக்குப் போறோம். கைய வீசிக்கினு போவறதா?"

நிகழ்ச்சி சாயங்காலம் நான்கு மணிக்கு. ஆடி மாதம் என்பதால் மண்டபம் சும்மா கிடந்தது. அதனால்தான் ஆட்டத்துக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். வாசலில் கல்கண்டு, சந்தனம், பன்னீர். தெளித்த பெண்மணி, "சாப்ட்டுப் போங்க" என்று கூடச் சொன்னார். சாப்பாடு ஏற்பாடே கிடையாது. அவருக்கும் பழக்க தோஷம்தான்.

இரண்டு மணிக்கே போய்விட்டதால் முன்வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. நடுவில் பார்த்து உட்கார்ந்தோம். நாற்காலிக்கு எல்லாம் வெள்ளை உறை போட்டுப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

தரையோடு என்ன பகை?

முதலில் பாலே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நான் முதலில் கவனித்தது சத்தத்தை. டிவியில் எப்போதாவது பார்த்தபோது அவர்கள் காற்றில் போவது மாதிரி இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் அப்படி இல்லை. பாட்டுக்கு அடியில் டொக், டொக், டொக் என்று மேடைப் பலகையில் செருப்பு நுனி இடிக்கிறது. மூச்சு கேட்கிறது. அவள் சுழன்றபோது ஒரு சொட்டு வியர்வை என் கண்ணாடியில் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

"கட்டவெரல் மேல நிக்கிறாளே, வலிக்காதா?" என்று ராமாயி காதில் கேட்டாள்.

"வலிக்கும்."

"அப்பறம் இன்னாத்துக்கு சிரிக்கிறா?"

பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒற்றைக் காலில் அவள் சுற்றிச் சுற்றி வந்தபோது நான் மூச்சு விட மறந்தேன்.

ஆனால் நேரம் ஆக ஆக எனக்குள் ஒரு முரண்டு கிளம்பியது. அந்த ஆண் அவளைத் தூக்குகிறார், இறக்குகிறார், மறுபடி தூக்குகிறார். அவள் கீழே வரும்போதும் நுனிவிரலைத்தான் வைக்கிறாள், பாதத்தை வைக்க மாட்டேன் என்கிறாள். தரையோடு அப்படி என்ன பகை என்று தோன்றியது. சேற்றில் முழங்கால் வரை இறங்கி நாற்று நட்ட என் காலுக்கு அது அவ்வளவு சுலபமாக ஒட்டுமா?

தூக்கிய மனிதரின் முன்கை நடுங்கியதையும் பார்த்தேன். அவர் மேல் எனக்கு ஒரு பரிவு வந்தது. நெல்லு மூட்டை தூக்குகிறவர்களின் கை அப்படி நடுங்கிப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் கைகோத்து நின்றதும், நாங்கள் வரிசை கட்டியதும்.

மைக்கில் வந்த குரல்

பத்துப் பேர் கூட இன்னும் இறங்கியிருக்க மாட்டார்கள். நிகழ்ச்சியை நடத்திய பேராசிரியர் மேடைக்கு ஓடி வந்து மைக்கைப் பிடித்தார். ஓய்வு பெற்றவர், கலை அமைப்பு ஒன்று வைத்திருந்தார். பெயர் வேண்டாம்.

"இது ரிசப்ஷன் இல்லீங்க! தயவுசெஞ்சி எல்லாரும் எறங்குங்க. வெளிநாட்ல பேர் வாங்குன கலைஞருங்க இவங்க. மானத்த வாங்காதீங்க."

அதுவரை சரி. தப்பு எங்களுடையது, சிரித்துக்கொண்டே இறங்கி எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். அடுத்து அவர் சொன்னதுதான் சரியில்லை.

"இந்தக் கலையப் பத்தித் தெரிஞ்சவங்க மட்டும் முன்னாடி உக்காருங்க. மத்தவங்க பின்வரிசைக்குப் போயிடுங்க. தொந்தரவு இல்லாம இருக்கும்."

பேட்ஜ் குத்திய இரண்டு மூன்று பேர் நாற்காலி நாற்காலியாக வந்தார்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? புடவையைப் பார்த்தார்கள். காலடியில் வைத்திருந்த பையைப் பார்த்தார்கள். மேடை வரிசையில் எனக்கு நேர் பின்னால் நின்றது ஒரு கரும்புத் தோட்டக்காரர் குடும்பம். அந்த அம்மாள் பட்டு கட்டியிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னசேலம் பக்கமிருந்து வந்திருந்த கூலிக்காரக் குடும்பம் ஒன்று, சொல்வதற்கு முன்பே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டது.

சொல்வதற்கு முன்பே எழுந்தார்களே, அதுதான் என்னைச் சுட்டது. அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு.

கயிற்றுக்கு அப்பால்

நான் பிறந்தது நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். நிலம் என்று எங்களுக்கு இருந்தது நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

திருவிழாவுக்கு ஆட்டமும் நாடகமும் வைப்பார்கள். மேடைக்கு முன்னால் நிலக்காரர்கள் பாய் போட்டு உட்காருவார்கள். பக்கத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். எங்கள் தெருவுக்கு இடம் கயிற்றுக்கு அப்பால், மேடைக்குப் பின்புறம்.

மேடைக்குப் பின்னால் மறைப்பு என்று அரையாள் உயரத்துக்கு ஒரு கீற்றுத் தட்டிதான். அதற்கு மேலே ஆடுகிறவர்களின் முதுகு தெரியும். பத்துப் பன்னிரண்டு வயது வரை ஆட்டம் என்றால் முதுகு என்றே நினைத்திருந்தேன். ராஜாவின் சட்டை பின்னால் பொத்தான் இல்லாமல் ஊக்கு குத்தியிருக்கும். ராணி அழுவதற்கு முன்னால் பிடரி விறைக்கும். முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆளின் தோள் எப்படித் தொங்கிக் கிடக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

"இன்னாடி தெரியுது அங்கேர்ந்து?" என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேலி செய்தாள்.

"எல்லாந் தெரியுது" என்றேன். கேலிக்குப் பதிலாகத்தான் சொன்னேன். ஆனால் அது உண்மை.

இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கயிற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும்.

எழுந்திருக்கவில்லை

பேட்ஜ் குத்திய பெண்மணி எங்களிடம் வந்தார். ஏதோ தனியார் பள்ளி ஆசிரியை என்று நினைக்கிறேன். குரலில் குறையில்லாத மரியாதை.

"அம்மா, கொஞ்சம் பின்னாடி போயிடுங்கம்மா."

ராமாயி எழுந்துவிட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏங்க போவணும்?" என்று கேட்டேன்.

"இது தெரிஞ்சவங்க பாக்கறதுங்க."

"தெரியாததாலதாங்க பாக்க வந்தோம். தெரிஞ்சவங்க வூட்லயே இருக்கலாமே."

அவர் பேராசிரியரைக் கூட்டி வந்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏழெட்டு நாற்காலி காலியாகிவிட்டது. வெள்ளை உறைக்கு நடுவில் நாங்கள் இருவர் மட்டும்.

"பிரச்சினை பண்ணாதீங்க" என்றார் அவர்.

"நான் சும்மா ஒக்காந்துக்கினு இருக்கேன் சார். நீங்கதான் நின்னுக்கினு பிரச்சினை பண்றீங்க."

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே பயம்தான், மறைக்க மாட்டேன். நான் பால்வாடியில் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கையைப் பிடித்து எழுப்பிவிட்டால் என்ன செய்வேன்?

ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போது எழுந்தால், இனிமேல் 'அனைவரும் வருக' என்று எந்தச் சுவரில் பார்த்தாலும் நான் நம்பப் போவதில்லை. நம்பாவிட்டால் மலையை விட்டு எதற்கும் இறங்கமாட்டேன். மிச்சம் இருக்கிற வயதை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடுவேன். ஒரு நாற்காலிக்காக அவ்வளவையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு விளக்கு அணைந்தது. இருட்டில் அவர் என்னவோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

முதுகு

விளக்கு வந்தபோது மேடையில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கால். மண் நிறத்தில் ஒரு தொளதொளச் சட்டை, பின்கழுத்து நன்றாக இறக்கியிருந்தது. பாட்டு என்று ஒன்றும் இல்லை, தகரத்தில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

அவள் திரும்பவே இல்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. தெரிந்தவர்கள் என்று முன்னால் கொண்டு வந்து உட்கார வைத்தவர்கள் செல்போனை எடுக்க ஆரம்பித்தார்கள். என் வரிசைக் கோடியில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"மூஞ்சிய காட்டவே மாட்டாளா?" என்றாள் ராமாயி.

"சும்மா இரு. முதுக பாரு."

நான் அந்த முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு எதிரே, நமக்குத் தெரியாத இடத்தில், யாரோ நிற்கிறார்கள். முதலில் அவள் அவர்களிடம் கெஞ்சினாள். இரண்டு தோளும் காதுவரை ஏறியது. பிறகு ஏதோ அடி விழுந்தது, இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்தது. அப்படியே மடங்கித் தரையில் சரிந்தாள். பாதம், முழங்கால், கை, கன்னம் எல்லாம் தரையில் பட்டது. தரையை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் சாய்ந்துகொண்டாள்.

பிறகு எழுந்தாள். ஒவ்வோர் எலும்பாக எழுந்தாள். பிடரி விறைத்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. தோள் இரண்டும் அகலமாக விரிந்து கீழே இறங்கி நிலைத்தன. இனி நகர மாட்டேன் என்று அந்த முதுகு சொன்னது. எதிரே இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விளக்கு அணைந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில் கட்டைவிரல்காரர்களும் வெறுங்கால்காரர்களும் சேர்ந்து ஆடினார்கள். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் எட்டு விதமாக ஓடினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் பஸ் வந்ததும் ஓடுவது மாதிரி இருந்தது. பெரிய மனிதர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தே தட்டினேன்.

மைக் எங்கள் பக்கம்

கடைசியில் கருத்துச் சொல்லும் நேரம் என்றார்கள். ஆடியவர்கள் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. பேராசிரியர் மொழிபெயர்ப்பார்.

மைக் முன்வரிசையில்தானே தொடங்கும். யாரோ கொடுக்க, யாரோ நகர்த்த, என் கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு எழுந்தேன். அன்றைக்கு நானாக எழுந்தது அப்போதுதான்.

"வணக்கங்க. எனக்கு டான்ஸப் பத்தி ஒண்ணுந் தெரியாது. ஆனா பாத்தேன். மொத ஆட்டம் அழகுதான். அந்தப் பொண்ண எப்பப் பாத்தாலும் யாரோ தூக்கிக்கினே இருந்தாங்க, அது மட்டும் எனக்கு ஒப்பல. மூணாவது, ஓட்டம் ஜாஸ்தி, ஆட்டம் கம்மி."

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது ஆடுன பொண்ணு முதுக காட்டிச்சில்ல, நாங்க சின்ன வயசுல எல்லா ஆட்டத்தையும் அப்பிடித்தான் பாத்தோம். மேடைக்குப் பின்னாலதான் எங்களுக்கு எடம். இன்னிக்கி முன்னால ஒக்காந்தவங்களுக்கும் முதுகுதான் கெடச்சிது. எனக்குப் புரிஞ்சிது. நீங்க பின்னால அனுப்புனீங்களே, அவுங்களுக்கும் புரிஞ்சிருக்கும். மைக்க அங்க குடுத்துக் கேளுங்க."

மைக் செத்துவிட்டது. தானாகவா, யாராவது நிறுத்தினார்களா, தெரியாது.

பேராசிரியர் ஆடியவர்கள் பக்கம் திரும்பி நான்கு வார்த்தையில் முடித்தார். "ஷி ஃபவுண்ட் இட் நைஸ்."

முப்பது வருஷம் படிவம் நிரப்பியவள் நான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

"நோ சார்" என்றேன், மைக் இல்லாமல். ஒரு கொட்டகை நிறையக் கத்துகிற பிள்ளைகளை அடக்கிய குரல் அது. "ஐ டோல்ட் மோர்."

முதுகு காட்டி ஆடிய பெண் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து நின்று கும்பிட்டாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் ஆடியது எனக்குப் புரிந்த அளவுக்காவது புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நேரமாகிவிட்டது என்று நன்றியுரையைத் தொடங்கிவிட்டார்கள்.

வெள்ளிமலை பஸ்ஸில் ராமாயி முந்தானையால் விசிறிக்கொண்டாள். பிறகு, "பின்னால போயிருந்தா ஃபேன் காத்தாவது வந்திருக்கும்" என்றாள். அவள் என்னைப் பாராட்டுவது இப்படித்தான்.

ஒரு வரி

இந்தத் தொடர் வர ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்துப் பேராசிரியர் போன் செய்தார். என் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். குரலில் ஒரே குழைவு.

"டீச்சர், ரொம்ப நல்லா எழுதறீங்க. நம்ம நடன நிகழ்ச்சியப் பத்தியும் எழுதுவீங்கதானே?"

"எழுதுவேன் சார்."

"எழுதறப்ப, எங்க அமைப்பு உங்கள மாதிரி மலையிலேர்ந்து வந்தவங்கள முன்வரிசையில உக்கார வெச்சி கௌரவிச்சதுன்னு ஒரு வரி போட்டீங்கன்னா உபகாரமா இருக்கும்."

"முன்வரிசையப் பத்திக் கண்டிப்பா எழுதறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சொன்ன சொல் தவற மாட்டேன். அந்த வரி இதுதான். அன்றைக்கு முன்வரிசையில் என்னை யாரும் உட்கார வைக்கவில்லை. நானே போய் உட்கார்ந்தேன். எழுந்து போகச் சொன்னார்கள், போகவில்லை.